ஜோட்டெரோவும் ஒற்றை 'என்' போட்ட மனாரும்

எம்.ஃபில். முடித்த வருடம் என் துணைநூற்பட்டியலை ராமநாதபுரத்தில் ஒரு தட்டச்சுக் கடையில் கொடுத்துத்தான் அடித்தேன். பக்கத்துக்குப் பதினைந்து ரூபாய். கடையில் இருந்த தம்பி கைவேகம் உள்ளவர், அதைவிட அக்கறை உள்ளவர். எட்கர் தர்ஸ்டன் 1894-ல் எங்கள் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பைப் பற்றி எழுதிய சென்னை அருங்காட்சியக வெளியீட்டின் தலைப்பில் மன்னார் என்பது 'மனார்' என்று இருக்கும். ஆங்கிலத்தில் ஒரு 'என்', அதற்கப்புறம் இரண்டு 'ஏ'. சென்னை மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னலின் 1922 வெளியீட்டிலும் ஒற்றை 'என்'தான். நம் ஊர்ப் பெயரை வெள்ளைக்காரன் தப்பாக எழுதிவிட்டான் என்று நினைத்த தம்பி, எல்லா இடத்திலும் இரண்டு 'என்' போட்டுத் திருத்தி வைத்துவிட்டார். பாம்பன் பக்கத்துக் குருசடைத் தீவின் பெயருக்கும் அதே வைத்தியம். நானும் கவனிக்கவில்லை. வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித்தேர்வாளர் பட்டியலைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்தத் தலைப்புல தர்ஸ்டன் ஒண்ணும் எழுதலையே?" என்றார். மூலத்தில் என்ன எழுத்து இருக்கிறதோ அதைத்தான் போட வேண்டும், பிழையாகவே இருந்தாலும் சரி. அது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது.

இப்போது பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். மண்டபத்திலிருந்து ஏர்வாடி வரை கடலில் பாசி எடுக்கும் பெண்களின் தொழில்தான் தலைப்பு. மூன்று வருடமாக ஜோட்டெரோவைப் பயன்படுத்துகிறேன். வாங்கலாமா என்று யாரும் கேட்கத் தேவையில்லை, அது இலவசம். நம்பலாமா என்றுதான் கேட்க வேண்டும்.

தெரியாதவர்களுக்காக: படித்த கட்டுரை, புத்தகம், பி.டி.எஃப். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அடுக்கி வைத்துக்கொள்ளும் மென்பொருள் இது. வேர்டில் எழுதும்போது கேட்ட இடத்தில் மேற்கோளைச் செருகும், கடைசியில் பட்டியலைத் தானே போட்டுத் தரும். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006-ல் வெளிவந்தது. இதே வேலையைச் செய்யும் எண்ட்நோட் காசு கேட்கும். மெண்டலி இலவசம்தான், ஆனால் 2013-ல் அதை எல்செவியர் வாங்கிவிட்டது. பதிப்பகக் கம்பெனி வீட்டில் என் சாமான்களைப் போட்டுவைக்க மனசு வரவில்லை. வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

வேலை சுலபம். கட்டுரையின் பக்கத்தைத் திறந்து உலாவியின் மூலையில் இருக்கும் பட்டனை அழுத்தினால் ஆசிரியர், ஆண்டு, இதழ், தொகுதி, பக்கம் எல்லாம் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். கட்டுரைக்கான அடையாள எண்ணான டி.ஓ.ஐ.யோ, புத்தகத்துக்கான ஐ.எஸ்.பி.என். எண்ணோ தெரிந்தால், மந்திரக்கோல் படம் போட்ட பட்டனில் அதை ஒட்டினாலே போதும். எல்லாம் நம் மடிக்கணினியிலேயே இருப்பதால் இணையம் இல்லாவிட்டாலும் எழுதலாம். பாம்பன் பக்கம் காற்று எழும்பினால் டவர் என்ன பாடுபடும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் மண்டபத்துப் பழைய கட்டுரைகளில் இந்த மந்திரம் பாதிதான் பலிக்கும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் (சி.எம்.எஃப்.ஆர்.ஐ.) 1947-ல் தொடங்கியது. 1971-ல் கொச்சிக்குப் போவதற்கு முன் பல வருடம் தலைமையகம் மண்டபத்தில்தான் இருந்தது. அந்தக் காலத்து எழுத்தெல்லாம் இன்றைக்கு அவர்களுடைய இணையக் களஞ்சியத்தில் ஸ்கேன் செய்து கிடைக்கிறது, புண்ணியவான்கள். பலவற்றுக்கு டி.ஓ.ஐ. கிடையாது. முதல் பக்கத்தைப் பார்த்து ஒவ்வொரு கட்டமாக நாமே அடிக்க வேண்டும். நான் அப்படி அடித்தவை அறுபதுக்கு மேல். கையால் அடித்த அந்த அறுபதில்தான் பிழை குறைவு என்பது பின்னால் தெரிந்தது.

ஏனென்றால் தானாக வருவதில் நம் பெயர்கள் படும் பாடு இருக்கிறதே, அது தனிக் கதை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான். தகவல் தரும் தளங்களுக்கு அது தெரியாது. 'முருகேசன் கே' என்று ஒருவர் எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் நிற்பதுதான் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு 'கே, எம்.' என்று வந்து நிற்கும். 'எம்' வரிசையில் இருக்க வேண்டிய மனுஷன் 'கே' வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவார். நிறுவனப் பெயருக்கும் இதே கதிதான்: 'இன்ஸ்டிட்யூட், சி.எம்.எஃப்.ஆர்.' என்று ஓர் ஆசிரியரை என் முதல் வரைவில் பார்த்து நெறியாளர் சிரித்தே விட்டார். இதற்கு வழி மென்பொருளிலேயே இருக்கிறது. பெயர்க் கட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பட்டனை அழுத்தினால் இரண்டு கட்டம் ஒன்றாகிவிடும், நிறுவனப் பெயரை அதில் முழுசாக எழுதலாம். ஆட்களின் பெயர் என்றால் இரண்டு கட்டத்திலும் இருப்பதை இடம் மாற்றிவிட வேண்டும். பட்டன் இருப்பது எனக்கு எட்டு மாதம் கழித்துத்தான் கண்ணில் பட்டது.

தலைப்புகளையும் ஒருமுறை மேய வேண்டும். முழுக்கப் பெரிய எழுத்தில் வந்த ஆங்கிலத் தலைப்பை ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் பாணி) கேட்கிறபடி மாற்றச் சொன்னால் மாற்றித் தரும், ஆனால் கூடவே மன்னாரும் சின்ன எழுத்தாகிவிடும். உயிரினத்தின் அறிவியல் பெயர் சாய்வெழுத்தில் வர வேண்டுமென்றால் தலைப்புக்குள் நாமே குறி போட வேண்டும். கப்பாபைகஸ் அல்வரேசி என்ற பாசி குருசடையில் பவளப் பாறைமேல் படர்ந்ததைச் சொல்லும் 2008-ஆம் ஆண்டுக் கட்டுரை கரண்ட் சயின்ஸில் இருக்கிறது. என் ஆய்வேட்டில் அது வராத அத்தியாயம் இல்லை. அந்த ஒரு பதிவைச் சரிசெய்ததும் எல்லா இடத்திலும் தானாகச் சரியாகிவிட்டது. இதற்காகவே இந்த மென்பொருளுக்குக் கோயில் கட்டலாம். (அந்தப் பாசிக்கு எங்கள் கரையில் பெப்சி பாசி என்று பெயர். அந்தக் கம்பெனி இங்கே ஒப்பந்த முறையில் வளர்க்கவைத்ததால் வந்தது. யாரால் வந்தது என்பதைப் பெயரிலேயே பொதிந்து வைத்துவிட்டார்கள். இவ்வளவு சுருக்கமான மேற்கோள் முறை ஏ.பி.ஏ.விலும் கிடையாது.)

பாணி மாற்றுவதில் இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாணிகள் கிடைக்கின்றன. ஏ.பி.ஏ. 2019-ல் ஏழாம் பதிப்பு கொண்டுவந்தபோது பதிப்பகத்தின் ஊரை எடுத்துவிட்டார்கள். ஆசிரியர் மூன்று பேர் இருந்தாலே முதல் தடவையிலிருந்து 'மற்றும் பிறர்' போடலாம் என்றார்கள். எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆறாம் பதிப்பா ஏழாம் பதிப்பா என்று இரண்டு கடிதம் மாறி மாறி வந்தது. இரண்டு தடவையும் எனக்கு ஆன செலவு ஒரு சொடுக்கு. பக்கத்து இருக்கைத் தோழி இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மாற்றினாள்.

ஒரு முறை நன்றாகவே அடி வாங்கினேன். மூன்றாம் அத்தியாயத்தைப் பக்க அமைப்புக்காக வேறொரு கடையில் கொடுத்தேன். அவர்கள் வேர்டில் திறக்காமல் வேறு ஏதோ செயலியில் திறந்து சேமித்துவிட்டார்கள். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. வீட்டுக்கு வந்து புதிதாக ஒரு மேற்கோளைச் செருகினால், பட்டியலில் அந்த ஒன்று மட்டும் வருகிறது. மற்ற எழுபது சொச்சமும் வெறும் எழுத்தாகிவிட்டன, பின்னால் இருந்த இணைப்பு எல்லாம் அறுந்துபோச்சு. மூன்று ராத்திரி. கடைக்குக் கொடுப்பதற்கு முன் கோப்பைப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் மட்டும் இணைப்பை நீக்கும் பட்டனை அழுத்திக் கொடுங்கள். மூலக் கோப்பு உங்கள் வீட்டைத் தாண்டக் கூடாது.

அப்புறம் இடம். ஜோட்டெரோ தன் சர்வரில் இலவசமாகத் தருவது 300 எம்.பி. பழைய ஸ்கேன் புத்தகம் நாலைந்து போட்டால் மூச்சு முட்டும். நான் பி.டி.எஃப். ஒத்திசைவை நிறுத்திவிட்டு விவரங்களை மட்டும் ஏற்றுகிறேன், அதற்கு அளவு வரம்பு இல்லை. பி.டி.எஃப்.கள் தனியாக ஹார்டு டிஸ்கில். தரவுக் கோப்புறையை அப்படியே டிராப்பாக்ஸ் மாதிரி இடத்தில் வைக்கும் புத்திசாலித்தனம் வேண்டாம், தரவுத்தளம் கெட்டுப்போகும் என்று அவர்களே எச்சரிக்கிறார்கள்.

இனி இது செய்யாத வேலை. ஹார்னல் 1914-ல் சங்கைப் பற்றி எழுதிய வெளியீட்டை என் இரண்டாம் அத்தியாயத்தில் ஏழு இடத்தில் காட்டியிருந்தேன். பதிவு சுத்தமாக இருந்தது, காற்புள்ளிகூடப் பிசகவில்லை. நெறியாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பக்கம் எத்தனை?" புத்தகத்தை நான் திறந்ததே இல்லை, வேறு கட்டுரைகளில் இருந்து எடுத்தது. பட்டனை அழுத்தினால் வந்துவிடுகிறதே, படித்த மாதிரியே இருக்கிறது. பிறகு ஸ்கேனை இறக்கி உட்கார்ந்து பார்த்தேன். ஐந்து சரி. ஒன்று அவருடைய 1922 முத்து வெளியீட்டில் இருந்தது. மிச்சம் ஒன்று எங்கேயும் இல்லை, யாரோ எழுதி யாரோ நகலெடுத்து என் வரை வந்திருக்கிறது. மூலம் கிடைக்காவிட்டால், யார் வழியாகத் தெரிந்ததோ அவர்களைச் சொல்லிவிட்டு அவர்களை மட்டும் பட்டியலில் வைப்பதுதான் ஏ.பி.ஏ. முறை. அதை ஜோட்டெரோ நினைவுபடுத்தாது.

ஆனால் இல்லாத கட்டுரையைக் கண்டுபிடிப்பதில் ஒரு உபயோகம் உண்டு. போன மாதம் முதுகலை மாணவி ஒருத்தி செயற்கை நுண்ணறிவிடம் வாங்கிய பட்டியலைக் கொண்டுவந்தாள். "அக்கா, பாருங்க, எல்லாத்துக்கும் டி.ஓ.ஐ. இருக்கு." பன்னிரண்டையும் மந்திரக்கோலில் ஒட்டினோம். நான்கு எண்களுக்கு ஆளே இல்லை. ஒன்று எங்கேயோ பல் மருத்துவக் கட்டுரையைக் கொண்டுவந்து நிறுத்தியது. பிள்ளையின் முகம் சுண்டிப்போனது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரை நம் தொகுப்பில் இருந்தாலும் சிவப்புப் பட்டையில் எச்சரிக்கை வரும், அது நல்ல ஏற்பாடு.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலு. அந்த ஒன்றைக் குறைத்தது நம் பெயர்களுக்காக.

இன்னொன்று. பாம்பன் சின்னப்பாலத்தில் ஐம்பது வருடமாக மரிக்கொழுந்துப் பாசி எடுத்த ஆச்சி ஒருவரிடம் பேசியதை 'நேர்காணல்' என்று ஜோட்டெரோவில் ஏற்றியிருந்தேன். பட்டியலில் ஹார்னலுக்கு நாலு வரி மேலே அவர் பெயர் வந்தது, பார்க்கவே நன்றாக இருந்தது. நெறியாளர் அடித்துவிட்டார். நம் ஆய்வில் பேட்டி கொடுத்தவர் சொல்வது தரவு, அவரை மூலமாகப் பட்டியலில் போடக் கூடாது, பெயரையும் மறைக்க வேண்டும் என்பது விதி. சரிதான். ஆச்சியிடம் போய்ச் சொன்னேன். ஈரப் பாசியை மணலில் உதறிக்கொண்டே, "ஏத்தா, அந்த வெள்ளக்காரன் பேரப் போடுவ, எம்பேரப் போட மாட்டியா?" என்றார். அவர் சம்மதத்தோடு நன்றியுரையில் முதல் பெயராக எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தில் ஜோட்டெரோவுக்கு வேலை இல்லை. கையால்தான் அடித்தேன், அதுவும் அவருடைய ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து பார்த்து.