கழுவின தண்ணீரில் கல் அரிந்த நாலு வருசம்

கொங்கிறீட் கலக்கிற மிக்சரைக் கழுவின தண்ணீரைத் திரும்பவும் கலவைக்கு எடுக்கலாமா என்று யோசிக்கிற ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில், கோண்டாவிலில் சின்னதாக ஒரு கல் அரியும் வாடி வைத்திருக்கிறேன், நாலு வருசமாக இந்தத் தண்ணீரில்தான் சீமெந்துக் கல் அரிகிறோம். கல்லுக்குத் தாராளமாக எடுக்கலாம். ஆனால் தராசில் நிறுத்துப் பார்க்காமல் எடுக்க வேண்டாம்.

முன்பு பின்வளவில்தான் ஊற்றிவிடுவோம். அங்கிருந்து பத்து யார் தூரம் தள்ளிக் கிணறு. எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், வெடிப்பும் பொந்துமாகக் கிடக்கிறது, மேலே ஊற்றுகிற எதுவும் சரியாக வடிபடாமலே கீழே இறங்கிவிடும். இந்தத் தண்ணீரின் பிஎச் 12 அளவில் நிற்கும், அவ்வளவு காரம். குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுகூட இல்லை, கிணற்றை விட்டால் எங்களுக்கு வேறு கதியில்லை. அதை நினைத்துத்தான் தொட்டி கட்டினேன்.

மூன்று தொட்டி, உள்ளே நன்றாகப் பூசியது. முதலாவதில் மணலும் சல்லியும் தங்கும், அதை அள்ளித் திரும்பக் கலவையில் போடலாம். இரண்டாவதில் சீமெந்துச் சேறு. மூன்றாவதில் தெளிந்த தண்ணீர், மேலே வெள்ளை ஏடு படியும், அது காற்றுப் பட்டுச் சுண்ணாம்பு திரளுவது.

தொடக்கத்தில் அடியைக் கலக்கி அள்ளிவிட்டோம். "அண்ணை, கலவை இறுகுது, இன்னும் ஒரு வாளி ஊத்தட்டோ?" என்று மேசன் தம்பி கேட்க நானும் சரி என்றுவிட்டேன். நுண்ணிய சேறு தண்ணீரை உறிஞ்சும், கலவை இறுகும், நாங்கள் மேலும் ஊற்றுவோம், பலம் போய்விடும். அந்த முறை அரிந்த கல்லெல்லாம் தூக்கும்போதே மூலை உடைந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் சரியாக ஒரு லீற்றர் எடுத்துத் தராசில் வைக்கிறோம். கொங்கிறீட் கலக்கிற தண்ணீருக்கான ஐரோப்பிய நியமம் ஈஎன் 1008 சொல்கிற கணக்கு லீற்றருக்கு 1.01 கிலோ, அதற்குள் இருந்தால் சேறு பொருட்படுத்துகிற அளவில் இல்லை. கூடினால் கிணற்றுத் தண்ணீர் கலப்போம். இந்தத் தண்ணீரில் செய்த கொங்கிறீட்டின் 7 நாள் பலம், காய்ச்சி வடித்த தண்ணீரில் செய்ததன் 90 வீதத்துக்குக் குறையக்கூடாது என்கிறது அதே நியமம். நான் இந்தத் தண்ணீரிலும் நல்ல தண்ணீரிலும் கியூப் (சோதனைக் கட்டி) போட்டு உடைப்பித்துப் பார்த்தேன், பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மத்தியான வெயிலில் கலவை கெதியாக இறுகுவது உண்மை, அதனால் காலை வேலைக்கே இந்தத் தண்ணீர்.

கதவு யன்னலுக்கு மேலே கம்பி போட்டு வைக்கிற லின்ரலுக்கு நான் எடுப்பதில்லை. ஒரே தண்ணீர் சுற்றிச் சுற்றி வந்து வெயிலில் வற்றும்போது உப்பு ஏறும். கம்பி போட்ட கொங்கிறீட்டுக்கு எடுக்கிற தண்ணீரில் குளோரைட்டு என்கிற உப்புச்சத்து லீற்றருக்கு 1000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், அதை ஆய்வுகூடத்தில் பார்க்காமல் துணிய முடியாது, கம்பி கறள் பிடித்தால் ஒரு குடும்பத்தின் தலைக்கு மேலே நிற்கிற விசயம்.

கையுறை கட்டாயம். முதல் மாதம் வெறுங்கையால் அள்ளிய பொடியன் ஒருவனின் விரலெல்லாம் வெடித்துப் புண்ணானது, அது என் பிழை.

சேற்றை வாரத்துக்கு ஒருக்கால் அள்ளவேண்டும். நல்லூர்த் திருவிழாவுக்கு வாடியைப் பூட்டிவிட்டு 25 நாள் கழித்து வந்து பார்த்தால் இரண்டாவது தொட்டி அடி முழுக்கக் கல், அலவாங்கு போட்டு ஒரு நாள் முழுக்க இடித்தோம். இப்போது அள்ளினதைத் தகரத்தில் காயவைத்து ஒழுங்கைப் பள்ளத்துக்குப் போடுகிறேன், கிணற்றுப் பக்கம் கொண்டுபோவதில்லை. ஐப்பசி மழைக்கு முன் தொட்டிக்குக் கூரை போடவேண்டும், போன மாரிக்கு நிரம்பி வழிந்துவிட்டது.