விதைகளை இரட்டிப்பதா, பிள்ளைகளைப் பிரித்து நிறுத்துவதா?

மக்கள்தொகைப் பாடத்துக்கு இரண்டு செயல்பாடுகள். ஒன்று, விதைகளை 1, 2, 4 என இரட்டித்துக்கொண்டே போவது. பத்தாவது இரட்டிப்பில் 1,024 விதை. பிள்ளைகள் வாய் பிளப்பார்கள். ஆனால் மக்கள்தொகையும் இப்படியே ஏறிக்கொண்டிருக்கும் என்ற தவறான எண்ணம் கூடவே பதிந்துவிடும். உலக மக்கள்தொகை 1927இல் 200 கோடி, 1974இல் 400 கோடி, 2022இல் 800 கோடி. கடைசி இரட்டிப்பு முந்தையதைவிட வேகமாக நடக்கவில்லை. விதை விளையாட்டு முடிந்த கையோடு இதைக் கரும்பலகையில் எழுதியே ஆக வேண்டும்.

இன்னொன்று, தரையில் சாக்பீஸால் கண்டங்களை வரைந்து, அங்கங்கே வாழும் மக்கள்தொகையின் விகிதப்படி பிள்ளைகளை நிறுத்துவது. 30 பேரில் 18 பேர் ஆசியாவுக்கு, 5 அல்லது 6 பேர் ஆப்பிரிக்காவுக்கு, 3 பேர் ஐரோப்பாவுக்கு, மீதிப்பேர் அமெரிக்கக் கண்டங்களுக்கு. ஆஸ்திரேலியாவும் பசிபிக் தீவுகளும் அடங்கிய ஓசியானியாவுக்கு ஒருவர்கூடத் தேறமாட்டார்! ஆசியாவின் நெரிசலை உடம்பே உணரும். முதலில் செய்ய வேண்டியது இதைத்தான் என்பேன்.