கிப்பர் குளிர்கால ஹோம்ஸ்டே: பனிச்சிறுத்தை பார்க்கப் போகிறவர்களுக்கு

இமாச்சலத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கில், காஸா நகருக்கு மேலே, ஏறக்குறைய 4,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கிப்பர். ஜனவரி முதல் மார்ச் வரை இந்த ஊர் வீடுகளில் தங்கி, ஊர்க்காரர்களோடு பனிச்சிறுத்தை தேடலாம். தங்குமிடம், மூன்று வேளைச் சாப்பாடு, சிறுத்தையைத் தேடிக் கண்டுபிடித்துக் காட்டும் ஸ்பாட்டர்கள் எல்லாம் சேர்த்துத்தான் பெரும்பாலும் கட்டணம் சொல்வார்கள். மலிவு இல்லை. ஆனால் அந்தப் பணத்துக்கு உண்மையான மதிப்பு ஸ்பாட்டர்களின் கண்ணில் இருக்கிறது.

விடியும் முன்பே அவர்கள் வெவ்வேறு முகடுகளில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். முதலில் தேடுவது சிறுத்தையின் இரையான பாரல் என்னும் காட்டு மலையாடுகளை. மேய்ந்துகொண்டிருக்கும் மந்தை சட்டென்று நின்று, எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பினால், அந்தத் திசையை ஸ்கோப் என்னும் தொலைநோக்கியில் அங்குலம் அங்குலமாகத் துழாவுவார்கள். சாம்பல் பாறையில் சாம்பல் உடம்பு. அசையும் வால்தான் பல நேரம் காட்டிக்கொடுக்கும். இரை அடித்திருந்தால் நமக்கு யோகம்: இரண்டு மூன்று நாள் சிறுத்தை அங்கேயே சுற்றிக் கிடக்கும்.

தூரம் அரைக் கிலோமீட்டருக்கு மேல் போவது சாதாரணம். 20–60 மடங்கு ஸ்கோப் இல்லாத வீட்டில் முன்பதிவு செய்யாதீர்கள். வெயில் ஏறினால் பனிப்பரப்பின் மேல் காற்று நெளியும், 600 மி.மீ. லென்ஸிலும் படம் குழம்பும். காலையும் மாலையும்தான் நேரம். பேட்டரிகளை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். அறைக்குத் திரும்பும்போது கேமராவைப் பைக்குள் மூடியே கொண்டுவந்து, ஒரு மணி நேரம் திறக்காமல் விட வேண்டும். இல்லாவிட்டால் லென்ஸுக்குள் நீர் கோத்துக்கொள்ளும்.

வீட்டில் சூடு என்றால் நடு அறைத் தகர அடுப்புதான். ஸ்பிதியில் அதைத் தந்தூர் என்பார்கள். விறகும் சாணமும் எரியும், புகைக்குழாய் கூரையைத் துளைத்துப் போகும். படுக்கும் அறையில் அது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரவில் வெளியே மைனஸ் 25 வரை இறங்கும். குழாயெல்லாம் உறைந்துவிடுவதால் குளியல் கிடையாது. கழிப்பறை உலர் வகை, போனபின் ஒரு மண்வாரி மண் தள்ள வேண்டும். வயதான பெற்றோரை அழைத்துப் போவோர் இதை யோசித்தே ஆக வேண்டும். சாப்பாடு சூடான துக்பா (நூடுல்ஸ் சூப்), திங்மோ (ஆவியில் வெந்த ரொட்டி), பருப்பு, சோறு. இந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 86 டிகிரியிலேயே கொதிப்பதால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது.

பலரும் சறுக்குவது பயணத் திட்டத்தில். மணாலி பக்கம் அடல் சுரங்கம் திறந்திருந்தாலும், அதற்கப்பால் ஸ்பிதிக்குள் நுழையும் குன்ஸும் கணவாய் குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும்; மணாலி வழி கிடையாது. சிம்லா, ரெக்காங் பியோ, தாபோ வழியாகத்தான் வர வேண்டும். உயரம் படிப்படியாக ஏறுவதால் உடம்புக்கும் அதுவே நல்லது. தாபோவில் ஓர் இரவு, காஸாவில் இரண்டு இரவு, பிறகு கிப்பர். உயர நோயைத் தடுக்கும் அசெட்டாசோலமைடு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, ஏறத் தொடங்கும் முன்பே ஆரம்பியுங்கள். தலைவலியோடு வாந்தியும் நடையில் தள்ளாட்டமும் வந்தால் சிறுத்தையை மறந்துவிட்டு அன்றே கீழே இறங்குங்கள்.

இரண்டு இரவுத் தொகுப்பு விற்கும் முகவர்களை நம்ப வேண்டாம். கிப்பரில் மட்டும் ஆறு நாள் வேண்டும், திரும்பும் வழியில் பனி சாலையை அடைத்தால் சமாளிக்க இன்னும் இரண்டு நாள் கையில் இருக்க வேண்டும். பனி குறைந்த ஆண்டுகளில் ஆடுகள் மேலேயே தங்கிவிடும், சிறுத்தையும் அவற்றோடுதான் நிற்கும். 2024-ல் வெளியான கணக்கெடுப்பின்படி இந்தியா முழுவதும் 718 பனிச்சிறுத்தைகளே இருக்கின்றன. ஆறு நாளிலும் கண்ணில் படாமல் போகலாம்.

எனக்கு உறுத்தும் ஒரே விஷயம் கூட்டம். சிறுத்தை தென்பட்ட செய்தி வாக்கி டாக்கியில் பரவியதும் ஒரே முகட்டில் முப்பது பேர் சேர்ந்து, இன்னும் கிட்டே போகச் சொல்லி ஸ்பாட்டரை நச்சரிக்கிறார்கள். கலைந்த சிறுத்தை இரையை விட்டுப் போனால் மறுபடி வேட்டையாட வேண்டும், அந்தக் குளிரில். முன்பதிவுக்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எத்தனை விருந்தினருக்கு ஒரு ஸ்பாட்டர்? வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா? சிறுத்தையிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நிறுத்துவீர்கள்? கடைசிக் கேள்விக்கு "எவ்வளவு கிட்டே வேண்டுமானாலும்" என்று பதில் வந்தால் வேறு வீடு பாருங்கள்.