அங்கன்வாடியா, தனியார் எல்.கே.ஜி.யா?

அம்மாபேட்டையில் எங்கள் தெருத் தாய்மார்கள் அடிக்கடி கேட்பது இது. மகளை அங்கன்வாடியிலும் மகனைத் தனியார் பள்ளியிலும் சேர்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

செலவு
அங்கன்வாடி: காசே கிடையாது.
தனியார்: ஃபீஸ், வேன், சீருடை என்று ஜூன் வந்தாலே கையைக் கடிக்கும். கல்வி உரிமைச் சட்டப்படி ஃபீஸ் இல்லாத 25 சதவீத இடங்கள் உண்டு. நலிந்த பிரிவுக்கு ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

சாப்பாடு
அங்கன்வாடி: மதியம் சூடாகக் கலவை சாதம், முட்டை. வீட்டில் மஞ்சள் கருவைத் துப்பும் என் மகள், அங்கே பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துப் பார்த்து, விரல் நுனியெல்லாம் மஞ்சளாக முழு முட்டையையும் தின்றாள். எடை, உயரமும் பார்க்கிறார்கள். அவள் எடை குறைந்ததை முதலில் சொன்னதே டீச்சரம்மாதான். அந்த நன்றி எனக்கு என்றைக்கும் உண்டு.
தனியார்: நாம் கட்டிக்கொடுக்கும் டப்பாதான். பாதி திரும்பி வரும்.

படிப்பு
அங்கன்வாடி: பாட்டு, கதை, விளையாட்டு.
தனியார்: ஏபிசிடி, வீட்டுப்பாடம். மூன்று வயது விரலுக்குப் பென்சில் பாரம்தான்.

நேரம்
மகனை 12 மணிக்கே கூப்பிடப் போக வேண்டும், தறி நின்றுவிடும். மகள் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகு போனால் போதும்.

இடம்
சில மையங்கள் நெருக்கடியானவை. கழிப்பறையை நேரில் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

இரண்டு, மூன்று வயதுக்கும், இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கும் அங்கன்வாடி. ஆங்கில வழிதான் வேண்டும், கட்டவும் முடியும் என்றால் நான்கு வயதில் தனியார். நடுவழியும் உண்டு: 2019இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாக அங்கன்வாடிகள் 2,381இல் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். பக்கத்துப் பள்ளியில் விசாரியுங்கள். போகும்போது பிறப்புச் சான்று, ஆதார், தடுப்பூசி அட்டை கையில் இருக்கட்டும்.