ஈஎல்எம்327 ப்ளூடூத் ஸ்கேனர்: வாங்கலாமா?

செக் என்ஜின் லைட் எரிந்ததும் சர்வீஸ் சென்டருக்கு ஓடாமல், என்ன கோளாறு என்று வீட்டு வாசலிலேயே ஒருமுறை பார்த்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு காரில் சொருகி போனில் பார்க்கும் இந்தச் சின்ன டப்பா போதும். தாராளமாக வாங்கலாம். ஆனால் எதை வாங்குகிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

ஈஎல்எம்327 என்பது கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் செய்த சிப்பின் பெயர். அந்த நிறுவனம் 2022இல் மூடப்பட்டுவிட்டது. சந்தையில் மலிவாகக் கிடைப்பதெல்லாம் நகல்தான். பல டப்பாக்களில் 'வி1.5' என்று போட்டிருக்கும்; எல்ம் அப்படியொரு பதிப்பை வெளியிட்டதே இல்லை! இருந்தாலும் நகல்களுக்குள் பொதுவாக அதுதான் தேவலாம். 'வி2.1' என்று வருபவை பலவற்றில் சில கட்டளைகள் வேலை செய்யாது. கே-லைன் என்ற பழைய தகவல் இணைப்பு உள்ள வண்டிகளில் இணைப்பே கிடைக்காமல் போகலாம். ஐபோன் வைத்திருப்பவர்கள் சாதாரண ப்ளூடூத் மாடலை வாங்கி ஏமாற வேண்டாம். ப்ளூடூத் 4.0 அல்லது வைஃபை மாடல்தான் ஒத்துவரும்.

மாட்டுவது சுலபம். ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கம் 16 பின் கொண்ட சாக்கெட் இருக்கும். இக்னிஷனை ஆஃப் செய்து சொருகி, பிறகு சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, போனில் 1234 அல்லது 0000 கொடுத்து இணைக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் டார்க், கார் ஸ்கேனர் இரண்டில் எந்த ஆப்பும் நன்றாகவே வேலை செய்யும்; டார்க் ஐபோனுக்குக் கிடையாது.

ஆப்பில் கோட் (கோளாறைக் குறிக்கும் எண்) வந்ததும் அதில் பெயர் உள்ள பாகத்தை மாற்றக் கிளம்புவதுதான் பலரும் செய்யும் தப்பு. பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை; அதற்கு மேல் ஸ்கேனருக்கு எதுவும் தெரியாது. ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் மின்சாரம் தரும் தனி காயில் உள்ள வண்டியானால், 2ஆம் காயிலையும் 3ஆம் காயிலையும் இடம் மாற்றிப் போட்டு, ஆப்பில் அந்தக் கோட் பதிவை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0303 வந்தால் காயில்தான் போய்விட்டது. பி0302வே திரும்பி வந்தால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். லைட் எரிவதோடு நிற்காமல் விட்டு விட்டு மின்னினால் ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையும் காலி பண்ணிவிடும். செலவு எங்கேயோ போய்விடும்.

கோட் பார்ப்பதைவிட, என்ஜின் ஓடும்போதே சென்சார் அளவுகளைக் காட்டும் லைவ் டேட்டாவுக்குத்தான் இந்தக் காசு தகும். பி0171 (காற்றோடு ஒப்பிட்டால் பெட்ரோல் குறைவு) வந்தால் உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்வார்கள். அதற்கு முன் லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம்மை, அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற சதவீதத்தைப் பாருங்கள். பிளஸ் மைனஸ் 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள என்ஜினில், ஐடிலிங்கில் +20 காட்டி 2,500 ஆர்பிஎம்மில் இயல்புக்கு இறங்கினால் எங்கோ வேக்கூம் லீக், அதாவது அளக்கப்படாத காற்று உள்ளே புகுகிறது. ஆர்பிஎம் கூடக் கூட ட்ரிம்மும் ஏறினால் ஃப்யூயல் பம்ப், ஃபில்டர், அல்லது அழுக்கான ஏர்ஃப்ளோ சென்சாரைச் சந்தேகிக்கலாம். காற்றின் அளவுக்குப் பதில் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் உள்ள என்ஜின்களில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே லீக் இருந்தால் ஐடிலிங் வேகம் ஏறுவதுதான் முதலில் தெரியும்.

எந்தக் கோட் பதிவையும் அழிக்கும் முன் ஆப்பில் ஃப்ரீஸ் ஃப்ரேமை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கோளாறு வந்த நேரத்தின் ஆர்பிஎம், கூலன்ட் சூடு, வேகம் எல்லாம் அதில்தான் இருக்கும், அழித்தால் கூடவே போய்விடும்.

குறைகளும் உண்டு. ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகளுக்கு இது பெரும்பாலும் உதவாது. அதற்கு அந்தந்த கம்பெனி வண்டிக்கான ஸ்கேனர் வேண்டும். சாக்கெட்டின் 16ஆம் பின்னில் சாவி எடுத்த பிறகும் பேட்டரி மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டப்பாவைக் கழற்றி கிளவ் பாக்ஸில் போட்டுவிடுங்கள்.