ஒரு நாவல், நான்கு மழைக்காலம், ஓர் ஆர்மோனியப் பெட்டி

2022 ஜூனில் ஆரம்பித்த பழக்கம் இது. எனக்கு உயிரான ஒரு நாவலுக்குப் பாட்டு சேர்ப்பது. இந்த ஆளுக்கு இந்தப் பாட்டு, இந்த அத்தியாயம் முடிந்ததும் இந்த இசை என்று பட்டியல் போட்டுக்கொண்டு படிப்பது. மழைக்காலத்துக்கு ஒரு தடவை என்று இதுவரை நான்கு தடவை அந்தப் புத்தகத்தை இப்படிப் படித்துவிட்டேன். முதல் வருடப் பட்டியலில் இருந்தவற்றில் இன்று ஒன்றே ஒன்றுதான் மிச்சம். எது நின்றது, எது உதிர்ந்தது, ஏன் என்று எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. புதிதாக முயற்சி செய்கிறவர்களுக்கு உதவும்.

நாவல், மார்க்கஸ் ஸூசாக் எழுதிய ‘தி புக் தீஃப்’. 2005இல் ஆஸ்திரேலியாவில் பெரியவர்களுக்கான நாவலாக வந்தது. அடுத்த வருடம் அமெரிக்காவில் அதையே இளையோர் நாவலாகப் போட்டார்கள். எனக்கு அது பதினேழு வயதில் கிடைத்ததால் இளையோர் நாவல் என்றே மனதில் பதிந்துவிட்டது. கதையைச் சொல்வது மரணம். 1939 ஜனவரியில், பனிக்குள் ஓடும் ரயிலில் லீசல் என்ற சிறுமியின் தம்பி இறந்துபோகிறான். அவள் மட்டும் மியூனிக் பக்கத்தில் மோல்ஹிங் என்ற கற்பனை ஊரில், வளர்ப்புப் பெற்றோரிடம் வந்து சேர்கிறாள். அப்பா ஹான்ஸ், பெயின்ட் அடிப்பவர், அக்கார்டியன் வாசிப்பவர். அம்மா ரோசா, வாயைத் திறந்தால் வசவு. அதே தெருவில் அவள் தோழன் ரூடி. கொஞ்ச நாளில் வீட்டு நிலவறையில் ஒளிந்துகொள்ள வரும் யூத இளைஞன் மாக்ஸ். யார் யார் சாகப் போகிறார்கள் என்பதை மரணமே முன்னாலேயே சொல்லிவிடும். அதனால் நான் எதையும் கெடுத்துவிடுவேன் என்று பயப்பட வேண்டாம்.

நான் படிப்பது பெரும்பாலும் மும்பை லோக்கல் ரயிலில். முலுண்டில் ஏறி கடைசி ஸ்டேஷனான சிஎஸ்எம்டி வரை ஸ்லோ வண்டியில் ஒரு மணி நேரம். லேடீஸ் பெட்டியில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் நல்ல நாள், கிடைக்காவிட்டால் கம்பியில் சாய்ந்துகொண்டு. ஐந்நூறு பக்கத்துக்கு மேற்பட்ட புத்தகம், ஒரு கையில் பிடித்துப் படிக்க மணிக்கட்டு வலிக்கும்.

முதல் வருடம் நான் செய்த தப்பு, படித்துக்கொண்டே பாட்டு கேட்டது. ஹான்ஸுக்கும் லீசலுக்கும் ‘ஆனந்த யாழை’ வைத்திருந்தேன். அப்பா, மகள், அன்பு, எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். கண் ஆங்கில வரிகளில் ஓடும், மனசு நா. முத்துக்குமாரின் வரிகளைக் கூடவே பாடிக்கொண்டிருக்கும். காட்கோபரில் பிரித்த பக்கம் குர்லா வந்தும் அதே பக்கமாகவே இருக்கும். சரி, பாட்டை நிறுத்திவிட்டு, அத்தியாயம் முடிந்தபின் கேட்டுப் பார்ப்போம் என்று மாற்றினேன். அப்போதும் ஒட்டவில்லை. ஏன் என்று புரிய இன்னொரு மழைக்காலம் ஆயிற்று. அந்தப் பாட்டுக்கு ஏற்கெனவே ஓர் அப்பா இருக்கிறார். 2013இல் ‘தங்க மீன்கள்’ பார்த்த யாருக்கும் அந்த அப்பாவும் அந்தக் குழந்தையும்தான் முதலில் வந்து நிற்பார்கள். ஹான்ஸ் வெளியே காத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இந்த நாவலைப் படமாக எடுத்தபோது ஜான் வில்லியம்ஸ் போட்ட இசையையும் வைத்துப் பார்த்தேன். அற்புதமான இசை, ஆனால் நடிகர்களின் முகம் கூடவே வந்துவிடுகிறது. நான் பதினேழு வயதில் மனதில் வரைந்த லீசல் அழிந்துவிடுவாளோ என்று பயந்து எடுத்துவிட்டேன்.

அப்படியானால் ‘தென்பாண்டிச் சீமையிலே’ எப்படி நான்கு வருடமும் நிற்கிறது? முதல் பட்டியலிலிருந்து மிஞ்சிய ஒன்று அதுதான். அதற்கும் ஒரு படம் இருக்கிறது, 1987இல் வந்த ‘நாயகன்’. அதுவும் எங்கள் பம்பாயின் படம், தாராவியின் படம். யோசித்துப் பார்த்தால் அந்த வேலுவும் லீசல் மாதிரிதான். சொந்த வீட்டை இழந்து, தெரியாத ஊரில், பெறாத ஓர் அப்பாவின் கையில் வளர்ந்த பிள்ளை. அழும் குழந்தையிடம் யார் உன்னை அடித்தது என்று கேட்கிற பாட்டு அது. படத்திலேயே ஓரிடத்தில் நிற்காமல் திரும்பத் திரும்ப வரும். அதனால்தானோ என்னவோ, யாருடைய குழந்தைக்கும் அது போய் உட்கார்ந்துகொள்கிறது. லீசல் வந்த புதிதில் ராத்திரி ராத்திரி தம்பி கனவில் வந்து அலறி எழுவாள், ஹான்ஸ் பக்கத்தில் வந்து உட்காருவார். அந்தப் பக்கங்களை முடித்து, புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, விக்ரோலி தாண்டியதும் இந்தப் பாட்டைப் போடுவேன். இளையராஜாவின் குரலில் உள்ள வடிவம்தான். கண் தானாக ஈரமாகும். எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்மணி இப்போதெல்லாம் கேட்பதில்லை, தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டுவார்.

மாக்ஸுக்குப் பொருத்தம் கிடைத்ததும் இந்தப் பழக்கத்தில் கிடைத்த பெரிய சந்தோஷங்களில் ஒன்று. நிலவறையில் இருப்பவனுக்கு வானம் தெரியாது. வெளியே எப்படி இருக்கிறது என்று லீசலைக் கேட்பான். நீல வானம், கயிறு மாதிரி நீண்ட ஒரு மேகம், அதன் முனையில் மஞ்சள் ஓட்டை மாதிரி சூரியன் என்று அவள் சொல்வாள். அவன் அதைச் சுவரில் வரைந்துவிடுவான். இந்த இடத்துக்கு இளையராஜாவின் ‘நத்திங் பட் விண்ட்’ ஆல்பம். 1988இல் வந்தது, ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். வார்த்தை கிடையாது, அதனால் படிக்கும்போதே மெல்ல ஓடவிடலாம். ஜூலையில் நான்கு நாள் விடாமல் பெய்து, ரயில் ஜன்னலெல்லாம் அடைத்து, வெளியே எந்த ஸ்டேஷன் என்றே தெரியாமல் உட்கார்ந்திருக்கையில் இந்தக் குழலைக் கேட்க வேண்டும். மாக்ஸ் எதற்காக ஏங்கினான் என்று உடம்புக்கே தெரியும்.

ஒரு நடைமுறைத் தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். இலவசச் செயலியில் கேட்காதீர்கள். ஒரு முறை நான் அழுதுகொண்டிருக்கும்போது பிரஷர் குக்கர் விளம்பரம் உரக்கப் பாட ஆரம்பித்தது. இன்னொரு நாள் பட்டியலிலிருந்து ஒரு பாட்டே காணாமல் போயிருந்தது. இப்போது எனக்கு வேண்டியதைக் காசு கொடுத்து வாங்கி போனிலேயே வைத்திருக்கிறேன். ஷஃபிளை மறக்காமல் அணைத்துவிடுங்கள். வயர் உள்ள இயர்போன்தான் கூட்டத்தில் நல்லது, காதிலிருந்து விழுந்தாலும் கழுத்தில் தொங்கும்.

ரூடிக்கான பாட்டை நான் தேர்ந்தெடுக்கவில்லை. மாதுங்காவில் இருக்கும் என் அக்கா மகள், பதினைந்து வயது, போன வருடம் என் பட்டியலை வாங்கிப் பார்த்தாள்.

“சித்தி, ரூடிக்கு ஏன் எப்பவும் சோகப் பாட்டே வைக்கிறீங்க?”

“அவன் செத்துப்போயிடுவான்ல, அதான்.”

“அது நமக்குத்தான் தெரியும். அவனுக்குத் தெரியாதே!”

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. அவள் சொன்னது அவ்வளவு சரி. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வாங்கிய ஜெஸ்ஸி ஓவன்ஸ் ஆக வேண்டும் என்று, உடம்பெல்லாம் கரியைப் பூசிக்கொண்டு ராத்திரியில் மைதானத்தில் ஓடிய பையன் அவன். அவளே ஒரு கானா பாட்டை எடுத்து வைத்தாள். பறை, கைத்தட்டல், மூச்சு வாங்காத வேகம். நான் முன்பு வைத்திருந்த சோகமெல்லாம் என்னுடையது, ரூடிக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. அன்றிலிருந்து யாருக்குப் பாட்டு தேடினாலும், இந்த நிமிஷத்தில் அவருக்கு என்ன தெரியும் என்று யோசித்துவிட்டுத்தான் தேடுகிறேன்.

ஒரு பக்க விளைவும் உண்டு. பாட்டுகள் பழையபடி திரும்பி வருவதில்லை. தாராவியில் ஒரு விநாயகர் பந்தலில் ‘தென்பாண்டிச் சீமையிலே’ போட்டார்கள். சுற்றிலும் செப்டம்பர் புழுக்கம், எனக்குப் பனி விழுந்துகொண்டிருந்தது. உங்களுக்கு மிகவும் பிரியமான பாட்டை இதற்குக் கொடுக்கும் முன் ஒரு தடவை யோசித்துக்கொள்ளுங்கள்.

ஹான்ஸுக்குத்தான் கடைசி வரை அகப்படவில்லை. அக்கார்டியன் என்றதும் 1951இன் இந்திப் படப் பாட்டு ‘ஆவாரா ஹூன்’ நினைவுக்கு வந்து அதையும் வைத்துப் பார்த்தேன். அது ஊர் சுற்றுகிறவனின் பாட்டு. ஹான்ஸ் வீட்டை விட்டு நகராத மனிதர். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சயானில் அப்பா வீட்டுக்குப் போயிருந்தபோது, அலமாரிக்கு மேலிருந்த ஆர்மோனியப் பெட்டி கண்ணில் பட்டது. மார்கழி பஜனைக்கு மட்டும் இறங்கும் பெட்டி. அக்கார்டியனும் ஆர்மோனியமும் ஒரே குடும்பம்தானே! துருத்தி காற்றை அனுப்பும், உள்ளே உலோக நாக்குகள் அதிரும். அப்பாவை இறக்கச் சொன்னேன்.

“என்ன பாட்டு வேணும்?”

“பாட்டு வேண்டாம்ப்பா. ஒரே கட்டையப் பிடிச்சுக்கிட்டுச் சும்மா காத்து விடுங்க.”

“பாட்டில்லாம என்னம்மா வாசிப்பு?” என்றார். ஆனாலும் இடது கையால் துருத்தியைத் தள்ளி, வலது கை விரல் ஒன்றை மட்டும் கட்டையில் வைத்தார். தூசி படிந்த துருத்தி, முதலில் இருமினாற்போல் ஒரு சத்தம். பிறகு ஸ்வரம் பிடித்துக்கொண்டது. கை வேகம் கூடினால் பெருகும், தளர்ந்தால் இளைக்கும். மூச்சேதான். போனில் பதிவு செய்தேன். இரண்டாவது நிமிஷத்தில் அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல்: “காலங்கார்த்தால அங்க என்ன சத்தம்? இட்லி ஆறுது!” அப்பா வாசிப்பை நிறுத்தவில்லை, சிரித்தார். வெட்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். திங்கட்கிழமை ரயிலில் கேட்டபோது, நான்கு வருடமாக ரோசாவுக்குத் தேடிக்கொண்டிருந்ததும் அதிலேயே இருக்கிறது என்று தெரிந்தது.

நாவலில் ஓரிடம். ஹான்ஸைப் போருக்கு அழைத்துப் போய்விடுகிறார்கள். ஒரு ராத்திரி லீசல் விழித்துப் பார்த்தால், ரோசா கட்டில் விளிம்பில் கணவரின் அக்கார்டியனை மார்போடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வாசிக்க மாட்டாள். விரல் கட்டைகளின் மேல் இருக்கும், அவ்வளவுதான். எத்தனையோ வைத்துப் பார்த்தும் எதுவும் அந்த இடத்தில் நிற்கவில்லை. இந்த வருடம் அந்தப் பதிவின் கடைசிப் பதினொரு விநாடியை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அப்பா வாசித்து முடித்துவிட்ட பின்பு உள்ள பகுதி.

போன வாரம் அம்மா, என்னடி அது எப்போதும் காதில் என்று கேட்டாள். இயர்போனை அவள் காதில் வைத்து அதைப் போட்டேன். ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். முடியும்வரை அசையாமல் இருந்தாள்.

“உங்கப்பா பெட்டிய மூடுறாரு,” என்றாள்.