கல்லடி வீட்டு ரொக் பட்டியல்: நீண்டகாலப் பாவனை அனுபவம்

குடும்பமாகச் சேர்ந்து ஒரு பாட்டுச் செயலியில் பொதுப் பட்டியல் வைத்திருப்பது எப்படி இருக்கும் என்று சிலர் கேட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் 2021இல் தொடங்கியது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய ஆங்கில ரொக் பாட்டுகள் மட்டும்தான். மட்டக்களப்பு கல்லடியில் அப்பா, அம்மா, நான், என் மகன். லண்டனில் அக்காவும் அத்தானும். ரொறன்ரோவில் பெரியப்பாவின் மகன், எங்களுக்கு அண்ணா. விதி மூன்றுதான். எங்கள் வீட்டுக் கதை இல்லாத பாட்டைச் சேர்க்கக் கூடாது. சேர்த்தவர் அந்தக் கதையை இரண்டு வரியில் குடும்ப வட்ஸப்பில் எழுத வேண்டும். ஒருவர் போட்டதை இன்னொருவர் தூக்கக் கூடாது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் செயலி செய்து தருவது கால்வாசி வேலைதான். மிச்சத்தை வீட்டு ஆட்கள்தான் பார்க்க வேண்டும்.

ரொக் ஏன் என்று கேட்டால், அது அப்பாவின் பக்கத்துச் சொத்து. அமெரிக்க யேசுசபைக் குருமார் படிப்பித்த காலத்தில் அவர் புனித மைக்கேல் கல்லூரியில் படித்தவர். ஆங்கிலமும் கூடைப்பந்தும் அங்கே வந்தன. ரொக் வந்தது அங்கேயிருந்து அல்ல, பக்கத்து வளவிலிருந்து. அந்த வீட்டு அங்கிள் பறங்கி, போர்த்துக்கீச வழிவந்தவர். அவருக்குத் தச்சுவேலை. கிட்டாரும் வாசிப்பார், கலியாண வீடுகளில் வயலினும் வாசிப்பார். கிரீடன்ஸ் கிளியர்வோட்டர் ரிவைவலின் ‘கொட்டன் ஃபீல்ட்ஸ்’ பாட்டை அப்படியே பைலா என்கிற ஆட்டப்பாட்டின் தாளத்துக்கு இழுத்துவிடுவார் என்று அப்பா சொல்லுவார். லெட் பெல்லி என்ற கறுப்பினப் பாடகரின் பழைய பாட்டு அது, 1969இல் கிரீடன்ஸ் எடுத்துப் பாடினார்கள். அமெரிக்கப் பருத்தி வயல் மட்டக்களப்பு முற்றத்தில் பைலாவாகிப்போனதில் யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

பிறகு கசெட் காலம். பட்டணத்தில் ரெக்கோடிங் பார் என்று கடைகள் இருந்தன. வெற்றுக் கசெட்டையும் பாட்டுகளின் பெயர் எழுதிய துண்டையும் கொடுத்தால் பதிந்து தருவார்கள். அப்பா கொடுத்தது அறுபது நிமிடக் கசெட், பக்கத்துக்கு முப்பது நிமிடம். கடைக்காரர் முப்பது நிமிடத்தை நிரப்புவார், பாட்டு முடிந்ததா என்று பார்க்க மாட்டார். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு ஈகிள்ஸின் ‘ஹோட்டல் கலிபோர்னியா’. முழுப்பாட்டு ஆறரை நிமிடம். எங்கள் கசெட்டில் பாடுகிற பகுதி முடிந்து, கிட்டார் தொடங்கும் இடத்தில் டக்கென்று நின்றுவிடும். டொன் ஃபெல்டரும் ஜோ வோல்ஷும் மாறி மாறி வாசித்துக் கடைசியில் சேர்ந்து வாசிக்கிற இரண்டு நிமிடம், உலகமே கொண்டாடுகிற அந்த இரண்டு நிமிடம், எங்கள் வீட்டில் கிடையாது.

பட்டியலில் அப்பா அதைச் சேர்த்த அன்று விறாந்தையில் ஸ்பீக்கரை வைத்துப் போட்டோம். வழக்கமான இடம் வந்ததும் அம்மா குசினிக்குப் போக எழும்பினா. பாட்டு நிற்கவில்லை. “மறுகா என்ன இது? யாரோ பிறகு ஒட்டின மாதிரி இருக்கு” என்றா. அப்பாவுக்கு விளங்கப்படுத்தப் பொறுமை இல்லை. “இதுதான் பாட்டு. நீ இவ்வளவு நாளும் கேட்டது கடைக்காரன்ட பாட்டு” என்றார். அம்மா இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. அவவுக்கு அந்தப் பாட்டு அந்த இடத்தில் முடிந்துவிடும், எழும்பிப் போய்விடுவா.

இதே பாட்டில்தான் எங்கள் வீட்டின் பெரிய சண்டையும். 1994இல் ஈகிள்ஸ் மறுபடி ஒன்றுசேர்ந்தபோது வாசித்த மேடைப் பதிவு ஒன்று இருக்கிறது. நைலோன் நரம்புக் கிட்டாரில் நீளமான முன்னுரை, அதற்குப் பிறகுதான் தெரிந்த மெட்டு வரும், சனம் கத்தும். என் வயதுக்காரருக்கு ‘ஹோட்டல் கலிபோர்னியா’ என்றால் அதுதான். அத்தான் அதைச் சேர்த்தார். அப்பாவுக்கு 1976 இசைத்தட்டுப் பதிவுதான் பாட்டு, மற்றது கச்சேரி. விதிப்படி யாரும் தூக்க முடியாது. ஆகவே பட்டியலில் இரண்டும் இருக்கின்றன. நான் அத்தான் பக்கம், ஆனால் வீட்டில் சொல்வதில்லை.

பட்டியல் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய உருப்படியான புத்தி இங்கேதான் இருக்கிறது. பழைய பாட்டு ஒவ்வொன்றுக்கும் செயலியில் பல பதிவுகள் கிடக்கும்: மூலம், ஒலியைத் துப்புரவாக்கியது, மேடையில் பாடியது, பல வருடம் கழித்து அதே குழு மறுபடி பாடியது. மறுபடி பாடியதில் மெட்டு சரியாக இருக்கும், குரல் கிழடாக இருக்கும். கேட்டவுடன் ஏதோ பிசகு என்று தெரியும், என்னவென்று தெரியாது. சேர்க்குமுன் வருடத்தையும் நேரத்தையும் பாருங்கள். அக்கா பார்க்கவில்லை. ஸ்மோக்கியின் ‘லிவிங் நெக்ஸ்ட் டோர் டு அலிஸ்’ 1976இல் வந்த அப்பாவிப் பாட்டு. 1995இல் அதே குழு ஒரு நகைச்சுவைக்காரரோடு சேர்ந்து, அலிஸ் யாரடி என்று கெட்ட வார்த்தையோடு கத்துகிற பதிப்பை வெளியிட்டது. அக்கா போட்டது அது. ஞாயிறு மத்தியானம், அப்பா சாய்மனைக் கதிரையில், அம்மா மீன் வெட்டிக்கொண்டு. கத்தல் வந்ததும் என் மகன் சிரித்துச் சிரித்துத் தரையில் விழுந்தான். அப்பா பேப்பரைக் கீழே வைக்காமலே, “லண்டனுக்குப் போய்ப் பிள்ளை கெட்டுப்போச்சு” என்றார்.

செயலியின் குறைகள் சில உண்டு. உரிமம் மாறினால் ஒரு பாட்டு சாம்பல் நிறமாகிவிடும், தட்டினால் பாடாது. அதே பாட்டின் வேறு பதிவைத் தேடிப் போட வேண்டும். ஒரு பாட்டு முடியுமுன் அடுத்ததைக் கலந்துவிடுகிற அமைப்பு ஒன்று இருக்கும், அதை முதல் நாளே நிறுத்திவிடுங்கள். ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்கு இடைவிடாமல் ஓடுகிற பிங்க் ஃபுளொய்ட் கேட்கிற வீட்டுக்கு அது ஆகாது. கைபேசியில் இறக்கி வைத்த பாட்டுகளும் மாதத்துக்கு ஒருமுறையாவது இணையம் பார்த்தால்தான் திறக்கும்.

பிங்க் ஃபுளொய்ட் என்றதும் நினைவு வருகிறது. ‘விஷ் யூ வேர் ஹியர்’ தொடக்கத்தில் கிட்டார் வேண்டுமென்றே தூரத்து ரேடியோவில் கேட்பதுபோல மெலிந்து, கரகரத்து வரும். நிலையம் மாறுகிற சத்தம்கூட இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது கிட்டார், இந்தா பக்கத்திலேயே இருப்பதுபோல, முழுச் சத்தத்தோடு சேரும். இதை முதன்முறை போட்டபோது அம்மா ஈரக் கையோடு வந்து ஸ்பீக்கரின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினா. சரியாக அந்த நேரம் இரண்டாவது கிட்டார் வந்தது. “பார்த்தியா, திருந்திட்டு” என்று போய்விட்டா. 1975இல் அந்தக் குழு தங்களைவிட்டு விலகிப்போன சிட் பரெட்டை நினைத்துச் செய்த இசைத்தட்டு அது. எங்கள் வீட்டில் அது அம்மா திருத்திய பாட்டு.

குயீனின் ‘போஹீமியன் ரப்சடி’யை அப்பாதான் சேர்த்தார். கதை காத்தான்குடி நானாவுடையது. துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் ஆள், அப்பாவின் கூட்டாளி, எங்கள் வீட்டுக்கு வந்தால் பிளேன் டீ குடிக்காமல் போக மாட்டார். ஒருமுறை பாட்டின் நடுவில் ‘பிஸ்மில்லா’ என்று கூட்டமாகக் கத்துகிற இடம் வந்ததும் கோப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு, “இவன் நம்மட ஆளா?” என்று கேட்டாராம். அப்பா விளக்கமெல்லாம் சொன்னார்: ஃப்ரெடி மெர்குரி சன்சிபாரில் பிறந்த பார்சி, வீட்டில் வைத்த பெயர் ஃபரூக் புல்சாரா, படித்தது இந்தியாவில் பஞ்ச்கனியில். நானா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப பக்கத்து ஊர்தான்” என்றாராம். இன்றைக்கும் அந்தப் பாட்டு வந்தால் எங்கள் வீட்டில் ஒருவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

எல்லாக் கதையும் சிரிப்புக் கதை அல்ல. அண்ணா ரொறன்ரோவிலிருந்து போட்டது டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’. 1982இல் நடந்த ஃபோக்லாந்துச் சண்டையை வைத்து மார்க் நொப்ஃப்ளர் எழுதினது, 1985இல் வந்தது. அண்ணா 1990இல் நாட்டைவிட்டுப் போனவர். இரண்டு வரி எழுத வேண்டும் என்ற விதிக்கு அவர் எழுதியது, “எங்கட வகுப்புப் பெடியன்களுக்கு.” அவ்வளவுதான். போர் மறுபடி மூண்ட அந்த வருடம் மட்டக்களப்பில் இருந்தவர்களுக்கு அதற்குமேல் வரி தேவையில்லை. அப்பா கும்பிடுகிற கைப்படம் ஒன்றைப் போட்டார். அந்தப் பாட்டை விறாந்தையில் போடும்போது இடையில் யாரும் கதைப்பதில்லை. மகனுக்கும் இப்போது அது தெரியும்.

பறங்கி அங்கிளின் குடும்பம் பிறகு கடற்கரையோர டச்பார்ப் பக்கம் குடிபோனது. 2004 டிசம்பர் 26, ஞாயிறு, போயா என்கிற பௌர்ணமி தினம். கடல் வந்ததில் அவர் தப்பினார், வீட்டில் இரண்டு பேர் தப்பவில்லை. அதன்பிறகு அப்பா கிரீடன்ஸ் கசெட்டைத் தொடவே இல்லை. பட்டியல் தொடங்கிய அன்று யார் முதல் பாட்டைப் போடுவது என்று நாங்கள் கதைத்துக்கொண்டிருக்க, அவர் மகனின் கைபேசியை வாங்கி, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி, கிரீடன்ஸின் ‘ஹாவ் யூ எவர் சீன் த ரெய்ன்’ பாட்டைச் சேர்த்தார். 1971இல் வந்த பாட்டு. வெயிலுக்குள் பெய்கிற மழை வியட்நாம் குண்டு மழை என்று பலர் சொல்லுவார்கள். ஜோன் ஃபொகர்ட்டி தன் குழு உச்சியில் இருக்கும்போதே உடைந்துகொண்டிருந்ததை வைத்து எழுதினதாகச் சொல்லியிருக்கிறார். அப்பாவின் கதை இரண்டையும் சேராது. அங்கிளுக்கு மாரி மழை தொடங்கினால் அந்தப் பாட்டு வந்துவிடுமாம், வேலி ஓரம் நின்று நனைந்துகொண்டே பாடுவாராம். நாங்களும் மாரி தொடங்கினால் அதைத்தான் போடுகிறோம்.

பட்டியல் உண்மையில் வேர் பிடித்தது 2022 மின்வெட்டுக் காலத்தில். மார்ச் முடிவில் பதின்மூன்று மணித்தியாலம்வரை கரண்ட் இல்லாமல் போனது. டிவி இல்லை, ஃபேன் இல்லை, புழுக்கத்துக்கு எல்லாரும் விறாந்தைக்கு வரத்தான் வேண்டும். இறக்கி வைத்த பாட்டுகளும் சார்ஜ் ஏற்றிய ஸ்பீக்கரும் மட்டும் இருந்தன. அதற்கு முன் ஆளுக்கொரு காதுக்கருவியில் கேட்டுக்கொண்டிருந்தோம், பட்டியல் வெறும் பெயர்க் கோவையாகக் கிடந்தது. ஒருவர் போட்டதை மற்றவர் சகித்துக்கொண்டு கேட்கத் தொடங்கிய பிறகுதான் கதைகள் வெளியே வந்தன. அப்பா நானாவின் கதையைச் சொன்னதும் அந்த நாட்களில்தான். ஆகவே காதுக்கருவியில் தனித்தனியே கேட்பதற்காக இப்படி ஒரு பட்டியல் வைக்க நினைத்தால், என்னைக் கேட்டால், மினக்கெட வேண்டாம்.

கதைகளை வட்ஸப்பில் மட்டும் விட்டு வைக்கவும் வேண்டாம். அத்தான் கைபேசி மாற்றியபோது அவருடைய பக்கத்துச் செய்திகள் எல்லாம் போயின. நான் இப்போது எல்லாவற்றையும் ஒரு சீ.ஆர். கொப்பியில், அதாவது தடித்த அட்டைப் புத்தகத்தில், எழுதி வைக்கிறேன்: பாட்டு, வருடம், யார் போட்டது, கதை. செயலியில் பாட்டுக்குப் பக்கத்தில் குறிப்பு எழுத இடமில்லை என்பதுதான் என் பெரிய மனக்குறை.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் தீரவில்லை. மகன் லெட் செப்பலினின் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ பாட்டைப் போட்டான். எட்டு நிமிடப் பாட்டு, 1971, எந்தப் பெரிய பட்டியலிலும் மேலே நிற்கும். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு கதையும் இல்லை. அப்பா விதியைக் காட்டினார், மகன் தானே தூக்கினான், ஆனால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். “உலகத்திலேயே பெரிய பாட்டைக் கதை இல்லை எண்டு தள்ளுறீங்களே” என்று வட்ஸப்பில் அண்ணாவிடம் முறையிட்டான். அண்ணா யோசித்துவிட்டு, இந்தச் சண்டையே ஒரு கதைதானே, திரும்பப் போடு என்று எழுதினார். அக்காவும் ஓம் என்கிறா. அப்பா மட்டும் அது களவு வழி என்கிறார். இந்தக் கிழமை ஞாயிறு பேசி முடிவெடுப்பதாக இருக்கிறது. அதற்கிடையில் கல்லடி உப்புக்காற்றில் ஸ்பீக்கரின் சார்ஜ் ஏற்றுகிற துவாரம் துருப்பிடித்துவிட்டது, வயரைச் சரித்துப் பிடித்தால்தான் ஏறுகிறது. கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் ரப்பர் மூடி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.